மணி அடிக்காத சாவு

"லே ஜெனோ! வெளிய வாலே!"

கதவை நான் தட்டவில்லை, உதைத்தேன். என் பின்னால் பாதி ஊர் நின்றது.

ஜெனோ வந்தான். யூடியூபில் உள்ளூர்ச் செய்தி சேனல் நடத்துகிறவன். எங்கள் தெருக்காரன்தான். காதில் இயர்போன், கையில் போன்.

அவன்மேல் எனக்குள்ள கோபம் இன்று நேற்று வந்ததல்ல. முன்பு மீன் ஏலத்தில் நான் போட்ட சண்டையைப் படம்பிடித்து, இடையிடையே சிரிப்புச் சத்தம் சேர்த்து வெளியிட்டான். துபாயில் இருக்கும் என் மருமகன் வரை பார்த்துச் சிரித்தான். அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

ஆனால் இது வேறு.

என் அண்ணன் மகன் அபின் சனிக்கிழமை தனியாக வள்ளம் கொண்டு போனான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். அன்று அடித்த காற்றுக்குப் பிறகு ஆளும் இல்லை, வள்ளமும் இல்லை. எங்கள் வள்ளங்கள் டீசல் தீரும்வரை தேடிவிட்டுத் திரும்பின. மீன்துறை ஆபீஸில் போய் நின்றோம். "எங்கயாவது கரை ஒதுங்கியிருப்பான், தானா வருவான்" என்றார்கள். ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள்.

கடல் ஆளைத் திருப்பித் தராதவரை எங்கள் ஊரில் யாரும் சாவு சொல்வதில்லை. கோயிலில் துக்கமணி அடிக்கும்வரை அவன் உயிரோடு இருக்கிறவன்தான். படத்துக்கு மாலை போட மாட்டோம். ஃபாதர்கூட இன்று பூசையில், "கடலுக்குப் போன மகன் திரும்பி வர வேண்டி" என்றுதான் ஜெபம் சொன்னார்.

இவன் காலையில் வீடியோ போட்டிருக்கிறான். 'நடுக்கடலில் மீனவர் பலி! உடலைத் தேட ஆளில்லை!' அதில் அபினின் போட்டோ. போட்டோவுக்கு மாலை. நடுவில் நீல ரிப்பன் கட்டிய மாலை.

"அவன் செத்தத நீ பாத்தியாலே?"

"இல்ல மாமா."

"பின்ன எதுக்குலே மாலை? எங்க மைனி, அவனப் பெத்தவ, பாத்தா உசுரு போயிருமேன்னு அவ செல்போனக் காலையிலேயே ஒளிச்சு வச்சாச்சு, தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அழிலே அத!"

"நாளைக்கு அழிக்கேன் மாமா. இன்னைக்கு ஒரு நாளு கிடக்கட்டும்."

"ஏன் மக்கா, இன்னும் லைக்கு சேரல்லியோ?" பின்னாலிருந்து தங்கபாய் கேட்டாள்.

அறைந்தேன். இயர்போன் தெறித்து விழுந்தது. என்னோடு நியாயம் கேட்க வந்தவர்களில் நாலைந்து பேர் உடனே போனைத் தூக்கிப் படம்பிடித்தார்கள்.

ஜெனோ கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னான்: "திங்கக்கெழமையே ஒரு வீடியோ போட்டேன். 'மீனவரைக் காணவில்லை'ன்னு. அதுல அபின் சிரிச்சிட்டு நிக்கான். பாத்தியளா?"

மீன் ஏலத்துக்குப் பிறகு அவன் சேனலைத் திறப்பதில்லை என்று எனக்குச் சபதம். மற்றவர்களுக்கு என்ன சபதமோ.

"இந்த ஊருலேயே ஒருத்தரும் பாக்கல்ல. இதக் காலையில போட்டேன். மத்தியானத்துக்குள்ள மெட்ராஸ் சேனலுக எல்லாம் எடுத்துப் போட்டுட்டானுவ."

"அதுக்கு? உசுரோட இருக்கவனக் கொன்னு போடுவியா? துக்கமணிச் சத்தத்தையும் சேத்துப் போட வேண்டியதுதானலே?"

"அது போடல்ல மாமா. மணி மட்டும் போடப்பிடாதுன்னு சொன்..."

பாதியில் நிறுத்திவிட்டான்.

"யாருலே சொன்னா?"

"ஒருத்தரும் இல்ல."

இன்னொரு அறை. உதட்டில் ரத்தம் வந்தது. பேர் வரவில்லை.

அப்போதுதான் தலைக்குமேல் அந்தச் சத்தம் கேட்டது. கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. கரைப் பக்கமிருந்து வேளாங்கண்ணி கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

"ஹெலிகாப்டர்! டிவியில சொல்லுகான்! அபின் உடலைத் தேட அனுப்பியிருக்காம்!"

கூட்டம் கரைக்கு ஓடியது. ஜெனோ ரத்தத்தைத் துடைக்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கரைக்குப் போகவில்லை. வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன் மைனியிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அபினின் அம்மா வியாகுலம்மாள் முற்றத்தில் நின்றாள். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மைனி, அந்த ஜெனோ பய இருக்கானில்லா..."

"அவன அடிச்சியா?"

"அடிக்காம? அபின் படத்துக்கு மாலை போட்டிருக்கான் மைனி!"

அவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தேன். சுவரில் மாதா படம் வெறுமையாக இருந்தது. எப்போதும் அதில் தொங்கும் பிளாஸ்டிக் மாலை, நீல ரிப்பனோடு, மேசையில் கிடந்தது. பக்கத்தில் அபினின் போட்டோ.



"மைனி..."

"நேத்து நான்தான் அவனக் கூப்பிட்டேன். மாட்டேன்னு அழுதான், பாவம். நான்தான் ஆணையிட வச்சேன், உசுரு போனாலும் யாருட்டயும் சொல்லப்பிடாதுன்னு. மாலைய என் கையால போட்டுக் குடுத்தேன். மணி மட்டும் போடாத மக்கான்னேன்."

நான் வாய் திறக்குமுன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் உசுரோட இருக்கான்னு வெளிய ஒருத்தன்கிட்டயும் சொல்லிராத, செல்வா. தேடாம திரும்பிப் போயிருவானுவ."