கவிப்ரியா இன்னும் சரி சொல்லவில்லை

"ஒரு குறை சொல்லு பார்ப்போம். குறையும் சொல்ல மாட்டேங்கிற, சரின்னும் சொல்ல மாட்டேங்கிற. என்னதாம்மா உன் மனசுல?"

மேனேஜர் சிவராஜ் மூன்றாவது தடவையாகக் கேட்டார். கவிப்ரியா நகம் கடித்தாள். எதிரே நாற்காலி நுனியில் அஸ்வின், முகமெல்லாம் வேர்வை.

கல்யாணப் பேச்சாக இருந்தால் இதற்குள் ஓசூர் சிப்காட் முழுக்கப் பரவியிருக்கும். இது அஸ்வின் புரோகிராமில் செய்த ஒரு மாற்றம்; அவள் சரிபார்த்து அப்ரூவ் செய்ய வேண்டும். தொழிற்சாலையின் இருநூறு மெஷின்களும் நொடிக்கு நொடி டேட்டாபேஸில் தகவலைக் கொட்டுகின்றன. அதைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க எவ்வளவு பஃபர் மெமரி ஒதுக்குவது என்பதை இனி புரோகிராமே பார்த்துக்கொள்ளும்.

"கெலவரப்பள்ளி டேம்ல வர்ற தண்ணிக்குத் தக்கன மதகு தானா தொறந்து மூடுனா எப்படி? அதாம்மா இது" என்றார் சிவராஜ்.

அவளுக்குத் தெரியாதா என்ன? போன மாதம் இப்படித்தான் அவசரப்படுத்தினார்கள், அவளும் ஓகே கொடுத்தாள். நாற்பது நிமிடம் உற்பத்தி லைன் நின்றது. அவசரப்படுத்திய யாருக்கும் மெமோ வரவில்லை, அவளுக்கு வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

"அக்டோபர் ஒண்ணாம் தேதி பூரா நிஜ சர்வர்லயே ஓட்டிப் பார்த்தேன் மேடம். ஒரு தடவைகூட திணறல" என்றான் அஸ்வின். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை மாதம்தான். அதற்குள் இவ்வளவு தைரியம்.

திரையில் இருந்த அந்த ஒரு நாள் சோதனையின் கிராஃப்தான் அவளை உறுத்தியது. ஒரு மேடில்லை, பள்ளமில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கும் கிராஃபை அவள் நம்பியதே கிடையாது.

"இந்தச் சந்தனப் பொட்டு என்னா தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது" என்று முனிலட்சுமி சர்வர் அலமாரிக் கதவைத் துடைத்துக்கொண்டே முனகினாள். ஹவுஸ்கீப்பிங் முனகலை யார் காதில் வாங்குகிறார்கள்?

"ரெண்டு மணி ஷிப்ட்டுக்கு இன்னும் பத்தே நிமிஷம்" என்றார் சிவராஜ்.

கவிப்ரியா பெருமூச்சோடு மவுஸை நகர்த்தினாள். அம்புக்குறி அப்ரூவ் பட்டன் மேல் போய் நின்றது.

முனிலட்சுமி அஸ்வினைப் பார்த்துச் சிரித்தாள். "பாவம் மேடம் இந்த சாரு. அன்னிக்கு எல்லாரும் பொரி, சுண்டல் வாங்கிட்டு வூட்டுக்குப் போய்ட்டாங்க. இவரு மட்டும் உள்ளாறவே உக்காந்து தட்டிட்டிருந்தாரு."

கவிப்ரியாவின் விரல் நின்றது. "என்னிக்கு?"

"இந்தப் பொட்டு வெச்ச அன்னிக்குதான், ஒண்ணாந்தேதி. ஆயுத பூஜைக்கு ஒரு மெஷினும் ஓடலீங்களே!"