பேசிக்கிட்டே வாங்க

வாக்கிடாக்கியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அவள் மெதுவாகச் சுற்றினாள்.

புருஷன் குரல் தெளிவாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம் திரும்பினாள். கரகரத்தது. இன்னும் கொஞ்சம். குரல் தேய்ந்து இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் அவர் இருப்பது அவள் முதுகுக்குப் பின்னால். உடம்பு குறுக்கே நின்றால் சிக்னல் குறையும். ஹாம் ரேடியோக்காரர்கள் திசை பார்க்கிற பழைய வழி அது.

திரும்பிப் பார்த்தாள்.

மேற்கு.

ஏறி வந்த பாதை கிழக்கே இருக்கிறது. மேற்கே வெறும் பாறை. சாயங்காலம் ஆன்டெனாக் கம்பியைக் கட்டும்போது பார்த்திருந்தாள். கொஞ்ச தூரம் சரிந்து போகும். அப்புறம் ஒன்றும் கிடையாது.

உச்சியிலிருந்து பேசினால் தூரத்து ஊர்க்காரர்கள் கிடைப்பார்கள் என்று புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தவர்கள். பெரிய ரேடியோவின் பேட்டரி தீர்ந்ததும், அடிவாரத்தில் நிற்கும் காரிலிருந்து இன்னொன்றை எடுத்துவரச் சற்குணம் இறங்கிப் போனார். திரும்பி ஏறுவதற்குள் இருட்டிவிட்டது. டார்ச்சும் கைவிட்டது. மொபைல் இந்த மலையில் வெறும் கடிகாரம் என்று காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பாதை தவறிவிட்டது என்று அவர் வாக்கிடாக்கியில் சொன்னபோது யோசனை சொன்னது அவள்தான்.

"பட்டன்ல இருந்து கைய எடுக்காம பேசிக்கிட்டே வாங்க. நான் தெசை பாத்துச் சொல்லுதேன்."

நின்று பேசுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாங்க என்று சொல்லித் தொலைத்தாள்.

சற்குணத்திடம் போய் யாராவது பேசச் சொல்வார்களா? ஹாம் கிளப்பில் அவர் கைக்கு மைக் போனால் மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்துவிடலாம். பேசி முடித்தாயிற்று என்று சொல்கிற ஓவர் அவர் வாயில் லேசில் வராது.

பட்டனை அழுத்தியிருக்கிறவருக்கு எதிராளி பேசுவது கேட்காது. அவர் கையை எடுத்தால்தான் இவள் குரல் போய்ச் சேரும்.

தெரிந்தும் அழுத்தினாள். நில்லுங்க, நில்லுங்க என்றாள். கையை எடுத்தாள்.

அவர் பேசிக்கொண்டிருந்தார். பேட்டரி பிணம் மாதிரி கனக்கிறதாம். மத்தியானக் குழம்பில் உப்பு தூக்கலாம். அவரும் பயத்தில்தான் இருந்தார். அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா?

"இங்க பாத நல்லா அகலமா கெடக்குட்டி. வழுவழுன்னு இருக்கு. காத்து மொகத்துல அடிக்கு. வந்துட்டேன்னு நெனைக்கேன்."

அவள் வாய்விட்டுக் கத்தினாள். மேற்கிலிருந்து அடித்த காற்று கத்தலைப் பிடுங்கிக் கிழக்கே எறிந்தது. கையிலிருந்த விளக்கை ஆட்டினாள். வெளிச்சம் பாறை மேட்டைத் தாண்டவில்லை. ஓடினாள். கால் வழுக்கி விழுந்தாள். எழ முடியாமல் தவழ்ந்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடுத்தது அவள் வாய்.

கடவுளே, இந்த மனுஷன் பேச்சை நிறுத்தமாட்டாரா? கல்யாணமான நாள்முதல் எரிச்சலில் எத்தனையோ தடவை வேண்டியதுதான். இன்றைக்கு அழுதுகொண்டே வேண்டினாள்.

பேச்சு நின்றது.

ஒரு சொல்லின் நடுவில்.

வாக்கிடாக்கியில் கரகரப்புக்கூட இல்லை. பாறைமேல் காற்று மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பட்டன் விடுபட்டுவிட்டது. இனி இவள் பேசினால் அங்கே கேட்கும்.

அழுத்தினாள். அப்படியே உட்காருங்க என்றாள். அசையாதீங்க, நான் வாரேன் என்றாள். மெட்ராஸிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாளே, அவளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும்.

அவள் கையை எடுக்கவில்லை.