மூன்றாவது கதையில் ஓர் இடம்

அவள் கண்ணை மூடிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கைப் பையன் தன்னோடு வந்த பெண்ணிடம் குசுகுசுத்தான்.

"அக்கா பயந்துட்டாங்கபோல."

பயப்படுவதற்கு அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

மதியக் காட்சி. அரங்கில் இருபது பேர்கூட இல்லை. இருந்தவர்களும் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பேய்ப்படம். ஐந்து தனித்தனிக் கதைகள். ஒவ்வொன்றிலும் யாரோ செத்துப்போகிறார்கள், ஒரு கேமரா மட்டும் கிடைக்கிறது. அதில் பதிவாகியிருப்பதுதான் கதை. முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் இரண்டு நாள் விளக்கை அணைக்காமல் தூங்கினார்கள். இது இரண்டாம் பாகம். இதில் அரங்கிலேயே தூங்கினார்கள்.

இந்த மாதிரிப் படங்களில் கேமரா பிடித்திருப்பவன் கண்ணில் படமாட்டான். அவன் மூச்சு மட்டும் கேட்கும்.

முதல் பாகத்தில் கேட்ட மூச்சு ஜெயசீலனுடையது. அவள் கணவன். திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். நாலு படி ஏறினால் நெஞ்சு இழுக்கும். டப்பிங் செய்ய வசதியில்லாததால் அந்த இழுப்பை அப்படியே படத்தில் விட்டுவிட்டார்கள். பேயைவிட அந்த மூச்சுதான் பயமாக இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவன் அதை அவளுக்குப் படித்துக் காட்டிச் சிரித்தான். சிரித்தாலும் இழுத்தது.

அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது.

போன வாரம் உதவி இயக்குநர் முகிலன் போன் செய்திருந்தான். முதல் பாகத்துக்கு ஜெயசீலன் எடுத்ததில் மிச்சமிருந்தது இந்தப் படத்தில் மூன்றாவது கதையில் வருகிறதாம்.

அதற்காகத்தான் வந்திருந்தாள். பார்க்க அல்ல, கேட்க.

வீட்டில் அவன் குரல் இல்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மகள் பிறந்தநாள், வேளாங்கண்ணி, கொடைக்கானல் என்று பதினான்கு சிடி இருக்கிறது. எல்லாவற்றிலும் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டு வைத்திருந்தான். தொழில் பழக்கம். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் என்னென்ன பேசித் தொலைத்திருப்பார்களோ, அதெல்லாம் வீடியோவில் இருக்கக் கூடாது என்பான். சொந்த வீட்டுக்கும் அதே சட்டம்.

பதினான்கையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள்.

பாட்டு.

பாட்டு.

பாட்டு.

மூன்றாவது கதை தொடங்கியது. ஒரே ஒருமுறை கண்ணைத் திறந்தாள். பழைய பங்களா. ஒரு பெண் ஓடுகிறாள். கொலைகாரன் கையில் கேமராவோடு அவளைத் துரத்துகிறான். படம் லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஜெயசீலன் பிடித்தால் அப்படித்தான் சாயும்.

மறுபடி மூடிக்கொண்டாள்.

மூச்சு கேட்டது.

அவனுடையது இல்லை.

நல்ல நெஞ்சுள்ள ஓர் ஆளை ஸ்டூடியோவில் நிறுத்தி மூச்சுவிடச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் சம்பளத்துக்கு ஏற்றபடி விட்டிருக்கிறான். இந்தத் தடவை இவர்களுக்கு எல்லா வசதியும் வந்துவிட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த இழுப்பால்தானே முதல் படம் ஓடியது? எழுந்து போயிருப்பாள். பக்கத்துப் பையன் காலை நீட்டி வழியை அடைத்திருந்தான்.

அப்போது கேட்டது.

"பாத்து தாயி, படி இருக்கு."

மெதுவாக. இழுப்போடு.

படப்பிடிப்பில் ஓடுகிற பெண் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று அவன் சொன்னது. மேடையேறும் மணப்பெண்களிடமும் அதையேதான் சொல்வான். பழைய சத்தத்தை எல்லா இடத்திலும் அழித்தவர்கள் இந்த ஓர் இடத்தை விட்டுவிட்டார்கள்.

அரங்கம் சிரித்தது. படம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக எல்லோரும் போனிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"கொலைகாரனுக்கு இருக்கிற அக்கறையப் பாருடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

மீதி இரண்டு கதைகளில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

வெளியே வெயில். சைக்கிள் நிறுத்தத்தின் நிழலில் ஒதுங்கியபோது முகிலன் போனில் கூப்பிட்டான்.

"பாத்தீங்களாக்கா? அண்ணன் எடுத்தது வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எல்லா ஊர்லயும் மூணாவது கதையில ஜனங்க சிரிக்கிறாங்களாம்க்கா. நாங்க திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டோம், ஒண்ணும் பிடிபடல. கேட்டுக் கேட்டு எங்க காது செத்துப்போச்சு. எந்த இடம்னு தெரிஞ்சா நாளைக்கே தூக்கிட்டு எல்லாத் தியேட்டருக்கும் புதுசா அனுப்பிடலாம். நீங்க கவனிச்சீங்களா?"

பேச்சில் கெஞ்சல் இருந்தது. பாவம், அவனுக்கு இது முதல் படம். முன்பு கல்யாண வீடியோவில் ஜெயசீலனுக்குக் கையாளாக இருந்தவன், கடைசி நாள் வரை ஆஸ்பத்திரியிலும் துணைக்கு இருந்தவன்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லப்பா. நான் பயந்துபோய்க் கண்ண மூடிட்டேன்."

போனை வைத்தாள்.

அடுத்த காட்சிக்கு டிக்கெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வரிசையில் யாருமில்லை. அவள் போய் நின்றாள்.