மூணு மணி மீட்டிங்

“யோவ் ஜெனேசியோ, அந்தப் பெட்டியை மூடு! உள்ளே மீட்டிங் நடக்குது!”

மதில் மேல் எக்கி நின்று டோனா இவொனெட்டி போட்ட அதட்டலில், பக்கத்து வீட்டுக் கொல்லையில் அக்கார்டியன் பாதி மூச்சில் நின்றது. மேளமும் ஓய்ந்தது.

“இன்னும் பத்தே நாள்லே சாவோ ஜோவாவ் திருவிழா, டோனா இவொனெட்டி! பெரிய மேடை. பத்தொன்பது வருஷமா எழுதிப் போட்டு இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க. ஒத்திகை பார்க்க வேண்டாமா?”

“பாரு, யாரு வேண்டாம்னா? மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் மட்டும் வேண்டாம்.”

“காலையிலே நான் பஸ் ஓட்டப் போயிடறேன். பொழுது சாஞ்சா மேளக்காரன் அடெர்பால் பேக்கரி வேலைக்குப் போயிடுவான். மூணு பேருக்கும் சேர்ந்தாப்பல கிடைக்கிறதே அந்த ரெண்டு மணி நேரம்தான்!”

“அதுக்கு நான் என்ன பண்ண? என் வீட்டுல இருக்கிறவன் சாதாரண ஆளா? பெரிய சிட்டி, குரிச்சிபாலேருந்து லேப்டாப்போட வந்திருக்கான். உன் சத்தத்துலே ஒரு வார்த்தை தப்பாக் கேட்டா கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம்! போய்யா, போ.”

ஜன்னலுக்கு உள்ளே, காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்த முரிலோவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. காது மடல் சூடாயிற்று. எழுந்து போய், “வாசிக்கட்டும், விடுங்க” என்று சொல்லிவிடலாம். சொல்லவில்லை. குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, “ஆமாம் சார், அந்த அறிக்கையை வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன்” என்றான்.

கணினியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கி வேலை பார்ப்பவன் அவன். அவனைப் போன்றவர்கள் எல்லாம் கடற்கரை தேடிப் போக, வாடகை குறைவென்று காம்பினா கிராண்டிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்த அன்றே வீட்டுக்கார அம்மா டோனா இவொனெட்டி தன் தையல் மேசையைக் காலி செய்து அவன் அறையில் போட்டு, அந்த அறைக்கு ‘ஆபீஸ்’ என்று பெயர் வைத்தார். மரவள்ளிக்கிழங்கு விற்கிறவனிடம்கூட, “எங்க வீட்டுக்குள்ளேயே ஆபீஸ் இருக்கு, தெரியுமா?” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் முரிலோ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவான்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தான். காபியும் சோளக் கேக்கும் தயாராக இருந்தன.

“மீட்டிங் நல்லா நடந்துச்சா?”

“ம்.”

“பெரியவங்கல்லாம் என்ன சொன்னாங்க?”

“நல்லாத்தான் சொன்னாங்க.” அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “நாளைக்கு அவங்களை வாசிக்கச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவில்லை.”

“நீ சும்மா இரு. தொந்தரவா இல்லையான்னு எனக்குத் தெரியும். சாப்பிடு.”

இன்னொரு துண்டு தட்டில் விழுந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அவனால் அறைக்குள் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்துக் கொல்லையில் ஒரு சத்தமும் இல்லை. டோனா இவொனெட்டி சந்தைக்குப் போயிருந்தார். ஓசைப்படாமல் வெளியே நழுவினான்.

தெருக்கோடியில், பழுதான பஸ்களை நிறுத்தும் கொட்டகையில் அவர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். ஜூன் மாதத் தூறல். கூரை ஒழுகியது. அடெர்பால் மேளத்தின் மேல் சாக்கைப் போர்த்தி வாசித்துக்கொண்டிருந்தான். ஜெனேசியோ சொட்டு விழும்போதெல்லாம் பாட்டை நிறுத்திவிட்டு, அக்கார்டியனைத் தன் சட்டையால் துடைத்தார். அறுபது வயது மனிதர்.

முரிலோவுக்கு அப்படியே திரும்பிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் உள்ளே போனான்.

“அண்ணே, வீட்டுக்கே வாங்க. எல்லாம் என்னாலேதானே... கம்பெனியிலே பேசிட்டேன். மீட்டிங்கைக் காலையிலே மாத்திட்டாங்க.”

அடெர்பால் சட்டென்று வேறு பக்கம் பார்த்தான். முக்கோண மணி தட்டுகிறவர் தொண்டையைச் செருமினார்.

“எப்ப பேசினே தம்பி?” என்றார் ஜெனேசியோ.

“இப்பத்தான். லேப்டாப்லே.”

ஜெனேசியோ அக்கார்டியனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

“நான் சொன்னேன்னு டோனா இவொனெட்டிகிட்ட சொல்லிடாதே. சத்தியம் வாங்கியிருக்காங்க. லாரி இடிச்சு நம்ம தெருவுலே நெட் லைன் அறுந்து இன்னையோட பதினோரு நாள் ஆச்சு. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு உன் ரூமுக்கு வந்திருக்காங்க. கதவு லேசாத் திறந்திருந்துச்சாம். மூடி வெச்ச லேப்டாப்பைப் பார்த்து நீ மீட்டிங் பேசிக்கிட்டு இருந்தியாம்.”

அவர் முரிலோவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி முடித்தார்:

“தட்டாமலே திரும்பிட்டாங்க. நேத்து அந்தச் சண்டைக்கு அப்புறம்தான் எங்ககிட்ட சொன்னாங்க, ‘பாவம், புள்ளைக்கு வேலை போயிடுச்சு போலிருக்கு. அது தானா வாய்விட்டுச் சொல்ற வரைக்கும், மூணு மணிக்கு இந்தத் தெருவுலே ஒரு சத்தம் வரக்கூடாது’ன்னு.”