வேலி தாண்டிய ராசா

"ஐயையோ, ராசாவைக் காணோமே! எவனோ ஓட்டிக்கினு போயிட்டான்!"

பேரிகைச் சந்தையிலிருந்து திரும்பிய திருமலை, திறந்து கிடந்த பன்றிக் கொட்டகையைப் பார்த்து அலறினான். மனைவி ருக்மணி வாயைத் திறப்பதற்குள், வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மூர்த்தியின் கொட்டகையில் ராசாவின் உறுமல் கேட்டது.

ராசா என்ன லேசுப்பட்ட பன்றியா! போன மழைக்கு வந்த கழிச்சலில் ரெண்டு வீட்டுக் குட்டிகளும் கொத்துக் கொத்தாகச் செத்தன. அப்போது குட்டியாயிருந்த ராசாவும் கூடப் பிறந்தவையும் மட்டும் அதே தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆட்டம் போட்டன. கால்நடை டாக்டர் சௌமியா ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"கிருமி இதுங்க வயித்துக்குள்ளயும் போகுதுங்க. ஆனா குடல்ல ஒட்டி நிக்க அதுக்கு ஒரு பிடி வேணும். இதுங்களுக்கு அந்தப் பிடி பிறவியிலேயே இல்ல. வழுக்கிக்கிட்டு வெளிய வந்துடுது."

"அடேயப்பா! மருந்தில்லாம, ஊசியில்லாமயா?"

"தாய் தகப்பன் ரத்தத்துல வந்ததுங்க. ராசாவுக்குப் பொறக்கிற குட்டிங்கள்லயும் பலதுக்கு வரும்."

திருமலைக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. ஒன்று இல்லாமல் போனதே உயிரைக் காக்குமா! ராசாவைத் தூக்கி மடியில் போட்டு, அதன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தான்.

அப்பேர்ப்பட்ட ராசாவை, வேலித் தகராறில் ரெண்டு வருஷமாக முகம் பார்க்காத மூர்த்தி சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டிப் போவதா?

"திருட்டுப் பய! இப்பவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"சோறு தின்னுட்டுப் போங்க. பொழுது சாயறதுக்குள்ள ராசா வந்துடும்" என்றாள் ருக்மணி. "அங்க ரெண்டு பன்னி பருவத்துக்கு வந்திருக்குது. அடுத்த ஈத்துக் குட்டியும் செத்தா, மூர்த்தி பொண்டாட்டி வெங்கடம்மா கொட்டகையை மூடிட்டு ஓசூர்ல கம்பெனிக் கூலிக்குத்தான் போகணுமாம்."

திருமலை திகைத்துப் போனான்.

"உனக்கெப்படித் தெரியும்? அந்த வீட்டோட பேசறதில்லன்னு கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணமே!"

"ஐயே, சத்தியத்தை மீறுவனா? நேத்து வெங்கடம்மா வேலியோரம் நின்னு அவ பன்னியைத் திட்டி அழுதா. இன்னிக்கு நான் இந்தப் பக்கம் நின்னு ராசாவைத் திட்டினேன். 'வீட்டுக்காரரு சந்தைக்குப் போயிட்டாரு, கதவு தொறந்து கெடக்குது, அந்தப் பக்கம் போனே காலை ஒடிச்சுருவேன்'னு தொண்டை கிழியக் கத்தினேங்க. பாழாப்போன பன்னி, எங்க கேட்குது?"