அரசியின் மச்சம்

இல்லாத நாடுகளுக்கு நாணயம் அடிப்பது என் தொழில். கற்பனை ராஜ்ஜியங்களை வைத்து விளையாடும் குழுக்களும் நாடகக்காரர்களும் வாங்குவார்கள். மனைவி சுடர்க்கொடி இறந்த நான்காம் மாதம், அவள் முகத்தை எஃகு அச்சில் குடைந்து, பழைய திருகு இயந்திரத்தில் வைத்து, பித்தளையில் ஓர் அரசியாக அடித்தேன். முதல் நாணயத்தை, பட்டறைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா புனிதாவிடம் கொடுத்தேன்.

"மச்சம் இடது கன்னத்துலதானே தம்பி? வலது பக்கம் வந்திருக்கே."

நாணயத்தில் நேராக விழ, அச்சில் எதையும் இடம்வலமாகத் திருப்பித்தான் குடைய வேண்டும். பெயர்களையும் சிங்கங்களையும் அப்படித்தான் குடைவேன். அவள் முகத்தை மட்டும் பார்த்த ஞாபகத்திலேயே குடைந்திருக்கிறேன்.

"அவ இருந்திருந்தா தெரு முழுக்கச் சொல்லிச் சிரிச்சிருப்பா" என்றாள் புனிதா.

"ஆமாக்கா."

தவறிய அச்சை யாரும் மறுபடி பயன்படுத்தாதபடி குறுக்கே ஒரு கோடு வெட்டிவிடுவது வழக்கம். அச்சைக் கழற்றி, உளியை அதிலிருந்த சுடர்க்கொடியின் நெற்றியில் வைத்துச் சுத்தியலை எடுத்தேன். புனிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. தலை வாரும்போது கண்ணாடியில அவ பாத்த முகம் இதுதானே?"

எனக்கு அது தோன்றவே இல்லை. உளியை மேசைமேல் வைத்தேன். அச்சை மறுபடி இயந்திரத்தில் பொருத்தினேன். புதிய பித்தளை வில்லை ஒன்றை அதற்கு அடியில் நகர்த்தி, கைப்பிடியை மெதுவாகச் சுற்றத் தொடங்கினேன்.