ஒன்பதடிப் பலகை

அலைச்சறுக்குப் பலகைகள் விற்கும் கடையின் நடுவே, தரையில் கிடக்கும் குட்டைப் பலகை ஒன்றின்மேல் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் குப்புறப் படுத்திருக்கிறாள். பலகை வாங்க யார் வந்தாலும் இப்படிப் படுத்து, தண்ணீரைத் துழாவுவதுபோல் கையை வீசிக் காட்டவேண்டும் என்பது இந்தக் கடைக்காரர் வைத்திருக்கும் சட்டம். வலது கை தாராளமாக வீசி வருகிறது. இடது கை தோளருகே தயங்கி, பாதியிலேயே இறங்குகிறது. ஜன்னல் வெயில் அவள் முதுகில் அசைகிறது. பக்கத்தில் அவளுடைய செருப்புகளைப் பிடித்தபடி கணவர் நிற்கிறார், நீச்சல் தெரியாதவர். போன வாரம் நீரோட்டம் அவளை இழுத்துப் போனபோதும் இப்படியேதான் கரையில் நின்றார், முக்கால் மணி நேரம்.

கடைக்காரர் ஒன்பதடிப் பலகை ஒன்றை இறக்கி வைக்கிறார். "இதுல படுங்கக்கா. நீளம், நல்ல தடிமன். சும்மாவே மிதக்கும். இழுப்பு ஜாஸ்தியா இருந்தாலும் கைக்கு வேலை கம்மி." "இது கத்துக்குட்டிங்க பலகை. நான் இருபது வருஷமா அலையில போறேன்," என்கிறாள். சொல்லிக்கொண்டே மாறிப் படுக்கிறாள். கால்விரல்கூட வெளியே தொங்கவில்லை. கன்னத்தைப் பலகையில் வைத்துச் சற்று நேரம் அப்படியே கிடக்கிறாள். "சரி, இதையே குடுங்க." "வெள்ளையா, ஆரஞ்சா?" "வெள்ளை." "ஆரஞ்சு," என்கிறார் கணவர். கடைக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் வாய் திறக்கிறார். "கரையிலேர்ந்து தெரியும்." அவள் தலையைத் திருப்பி மேலே பார்க்கிறாள். செருப்பின் வார் அவர் பிடியில் நசுங்கியிருக்கிறது. "ஆரஞ்சே குடுங்க," என்கிறாள்.